பழைய பிரிண்டரும் எடை மெஷினும் புதிய விண்டோஸில் ஏன் முரண்டு பிடிக்கின்றன?

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. அதன் பிறகு திருநெல்வேலிச் சீமையின் சின்னச் சின்னக் கடைகள், ஜெராக்ஸ் நிலையங்கள், அரிசி ஆலை அலுவலகங்கள் எல்லாம் ஒன்று விண்டோஸ் 11க்குப் போகின்றன, இல்லையென்றால் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்துக்கு. மாற்றிய மறுநாளே சிக்கல் தொடங்கிவிடுகிறது. பில் பிரிண்டர் ஓடும், எடை மெஷின் ஓடாது. வைஃபை வரும், கைரேகைக் கருவி வராது. வண்ணார்பேட்டை சர்வீஸ் கடையில் கேட்டால் பதில் தயாராக இருக்கும்: “டிரைவர் எடுக்க மாட்டேங்குது அண்ணாச்சி.”

இது போதாதென்று, பிரிண்டர் டிரைவர்களையே விண்டோஸ் கைகழுவப் போகிறது என்றொரு செய்தியும் சேர்ந்துகொண்டது. அது பாதி உண்மை. அதைப் பிறகு பார்ப்போம்.

‘டிரைவர் எடுக்கவில்லை’ என்று சொல்லும்போது குறைந்தது நான்கு வெவ்வேறு கோளாறுகளை ஒரே பெயரால் அழைக்கிறோம். ஒன்றுக்கான மருந்து இன்னொன்றுக்குக் கேட்காது. எது எந்தக் கோளாறு என்று பிரித்துப் பார்க்க, ஒரு சாதனத்தைச் செருகியதும் கம்ப்யூட்டருக்குள் என்ன நடக்கிறது என்பதை அடியிலிருந்து தெரிந்துகொள்ள வேண்டும்.

## கர்னல், டிரைவர், பஸ்

இயங்குதளத்தின் மையப் பகுதிக்குக் கர்னல் என்று பெயர். வன்பொருளை நேரடியாகத் தொடும் உரிமை அதற்குத்தான். ஆனால் உலகத்தில் உள்ள ஒவ்வொரு சிப்பையும் எப்படி இயக்குவது என்று கர்னலுக்குத் தெரியாது. அந்த அறிவு தனித்தனித் துண்டு நிரல்களில் இருக்கிறது. அவைதான் டிரைவர்கள்.

சாதனத்தையும் கம்ப்யூட்டரையும் இணைக்கும் பாதை பஸ். போர்டுக்குள் இருக்கும் சிப்புகளையும் கார்டுகளையும் இணைக்கும் பி.சி.ஐ. ஒரு பஸ், யூ.எஸ்.பி. இன்னொன்று. எந்தச் சாதனத்துக்கு எந்த டிரைவர் என்று பொருத்தம் பார்க்கும் வேலை பஸ்ஸுக்குப் பஸ் வேறு விதமாக நடக்கிறது. ‘இந்தச் சாதனம் யூ.எஸ்.பி.யில் இருக்கிறதா, போர்டுக்குள் இருக்கிறதா, பழைய சீரியல் கேபிளில் இருக்கிறதா’ என்பதுதான் எப்போதுமே முதல் கேள்வி.

## சாதனம் சொல்லும் எண்

ஒரு சாதனத்தின் பெட்டியில் என்ன பிராண்டு அச்சிட்டிருக்கிறது என்பது கர்னலுக்குத் தெரியாது. சாதனம் தானாகச் சொல்லும் சில எண்கள்தான் அதற்குத் தெரியும்.

பி.சி.ஐ. சாதனம் ஒவ்வொன்றின் உள்ளேயும் ‘கான்ஃபிகரேஷன் ஸ்பேஸ்’ என்றொரு சிறு பகுதி உண்டு. ஆதிகால பி.சி.ஐ.யில் அது 256 பைட், இன்றைய எக்ஸ்பிரஸ் வகையில் 4096 பைட். அதன் முதல் நான்கு பைட்டுகளில் இரண்டு எண்கள் உள்ளன: தயாரிப்பாளர் எண், சாதன எண். கம்ப்யூட்டர் எழும்போது ஒவ்வொரு முகவரியாகக் கேட்டுக்கொண்டே போகும். சாதனம் இருந்தால் எண்கள் வரும். இல்லாத இடத்திலிருந்து எல்லா பிட்டும் ஒன்றாக ஒரு வெற்றுப் பதில் வரும், கர்னல் அடுத்த முகவரிக்கு நகர்ந்துவிடும்.

இந்த எண்களைப் பதினாறு அடிமானத்தில் எழுதுவது வழக்கம். அதனால் இலக்கங்களோடு ஆங்கில எழுத்தும் கலந்து வரலாம். படிக்க எளிதாக இருக்கட்டும் என்று இங்கே இலக்கம் மட்டும் உள்ள உதாரணங்களையே எடுத்துக்கொள்கிறேன். இன்டெலின் தயாரிப்பாளர் எண் 8086. அந்த நிறுவனம் 1978இல் கொண்டுவந்த புகழ்பெற்ற சிப்பின் பெயரையே எண்ணாக வாங்கிக்கொண்டது. ஏ.எம்.டி.யின் எண் 1022. தயாரிப்பாளர் எண்ணை யாரும் தானாக வைத்துக்கொள்ள முடியாது. பி.சி.ஐ.க்கும் யூ.எஸ்.பி.க்கும் தனித்தனி அமைப்புகள் இருந்து ஒதுக்கித் தருகின்றன. சாதன எண்ணைத் தயாரிப்பாளரே வைத்துக்கொள்ளலாம்.

யூ.எஸ்.பி.யிலும் இதே கதைதான். செருகியதும் கர்னல் கேட்கும், சாதனம் 18 பைட் நீளமுள்ள ஒரு விவரக்குறிப்பை அனுப்பும். தயாரிப்பாளர் எண்ணும் பொருள் எண்ணும் அதில் இருக்கும். விண்டோஸில் இவற்றை வி.ஐ.டி., பி.ஐ.டி. என்று காண்பீர்கள்.

இவற்றோடு மூன்றாவதாக ஒன்று உண்டு. கடைக்காரர்கள் பெரும்பாலும் கவனிக்காத ஒன்று, ஆனால் பாதிப் புதிர்களுக்கு விடை அதில்தான் இருக்கிறது. அதுதான் வகை எண். ‘நான் யார்’ என்பதோடு ‘நான் எந்த இனம்’ என்றும் சாதனம் சொல்கிறது. யூ.எஸ்.பி.யில் 03 என்றால் கீபோர்டு, மவுஸ் வகை. 07 என்றால் பிரிண்டர். 08 என்றால் பென்டிரைவ் போன்ற சேமிப்பு. பெயரே கேள்விப்படாத கம்பெனியின் பென்டிரைவை ஜங்ஷன் நடைபாதையில் வாங்கி வந்து செருகினாலும் டிரைவர் கேட்காமல் திறப்பது இதனால்தான். கர்னல் அதன் தயாரிப்பாளரைப் பொருட்படுத்துவதே இல்லை. 08 என்று சொன்னால் போதும், பொதுச் சேமிப்பு டிரைவர் ஏற்றுக்கொள்ளும்.

கைரேகைக் கருவிகள் பல, ‘எந்தப் பொது வகையிலும் நான் சேர மாட்டேன், எனக்கென்று தனி வழி’ என்ற குறியோடு வருகின்றன. அவற்றுக்குத் தயாரிப்பாளர் தரும் டிரைவர் இல்லாமல் கதை நடக்காது.

## பொருத்தம் பார்ப்பது யார்?

லினக்ஸில் இந்த வேலை ஒளிவுமறைவில்லாமல் நடக்கிறது, அதனால் அதையே முதலில் பார்க்கலாம். செகண்ட் ஹேண்ட் அலுவலக டெஸ்க்டாப்புகளில் அடிக்கடி தென்படும் இன்டெல் நெட்வொர்க் சிப் ஒன்றின் எண் 8086, 1502. அந்தக் கம்ப்யூட்டர் எழும்போது நடப்பது இது:

1. பி.சி.ஐ. பஸ்ஸைத் துழாவும்போது கர்னலுக்கு இந்த எண்கள் கிடைக்கின்றன. ‘புதுச் சாதனம் ஒன்று வந்திருக்கிறது’ என்று ஓர் அறிவிப்பு விடுகிறது. எண்கள் எல்லாவற்றையும் கோத்த ஒரே நீளச் சரம் அந்த அறிவிப்பில் இருக்கும்.

2. கர்னல் தானாக வட்டில் டிரைவர் கோப்பைத் தேடப் போவதில்லை. அறிவிப்பைக் கேட்டுக்கொண்டிருக்கும் யூடெவ் என்ற வெளி நிரல்தான் தேடுகிறது.

3. ஒவ்வொரு டிரைவரும் ‘இந்த இந்த எண்களுக்கு நான் பொறுப்பு’ என்று ஒரு பட்டியலைத் தன்னுள் வைத்திருக்கிறது. அந்தப் பட்டியல்களை எல்லாம் முன்கூட்டியே திரட்டி ஒரே கோப்பாக வைத்திருப்பார்கள். அதில் ஒரு வரி ஏறக்குறைய இப்படிப் படிக்கும்: பி.சி.ஐ., தயாரிப்பாளர் 8086, சாதனம் 1502, மற்றவை எதுவானாலும் சரி, டிரைவர் இ1000இ.

4. சரமும் வரியும் பொருந்தினால் அந்த டிரைவர் நினைவகத்தில் ஏற்றப்படுகிறது.

5. ஏறியதும் பஸ் மறுபடி ஒருமுறை பட்டியலை ஒப்பிட்டு, டிரைவரின் ‘புரோப்’ என்ற செயற்கூறை அழைக்கிறது. டிரைவர் சாதனத்தைத் தொட்டுப் பார்த்து, எழுப்பி, ‘சரி, எடுத்துக்கொள்கிறேன்’ என்றோ ‘முடியாது’ என்றோ சொல்ல வேண்டும்.

இந்தக் கடைசிப் படியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். எண் பொருந்துவது ஜாதகம் பொருந்துவது மாதிரி. புரோப் என்பது நேரில் போய்ப் பார்த்துப் பேசுவது. ஜாதகம் பத்துக்குப் பத்து பொருந்தியும் நேரில் முறிந்து போகலாம்.

முறிவதிலும் ஒரு நயமான வகை உண்டு. டிரைவருக்குத் தேவைப்படும் மின்சாரக் கட்டுப்பாட்டுச் சிப்போ கடிகாரச் சிப்போ இன்னும் எழுந்திருக்காது. ‘இப்போது முடியாது, அப்புறம் கூப்பிடு’ என்று டிரைவர் சொல்லலாம். லினக்ஸில் 2012இல் இதற்கென்றே ஒரு தனிப் பதில் சேர்க்கப்பட்டது. கர்னல் அந்தச் சாதனத்தைக் காத்திருப்போர் வரிசையில் வைத்து, வேறு டிரைவர்கள் எழுந்த பிறகு மறுபடி முயலும்.

## விண்டோஸ் போடும் தரவரிசை

ஒரே சாதனத்துக்கு இரண்டு டிரைவர்கள் உரிமை கோரினால்? லினக்ஸில் பெரும்பாலும் முதலில் ஏறியதுக்குத்தான் சாதனம். பிடிக்காததைக் கருப்புப் பட்டியலில் போட வேண்டியிருக்கும். விண்டோஸ் இதை வேறு விதமாகச் செய்கிறது. போட்டி வைத்துத் தேர்ந்தெடுக்கிறது.

சாதனத்தின் பஸ் டிரைவர் இரண்டு பட்டியல்களைத் தருகிறது. முதலாவது ஹார்டுவேர் ஐ.டி.க்கள்: மிகத் துல்லியமான எண்ணில் தொடங்கி மெல்ல மெல்லப் பொதுவாகிக்கொண்டே போகும். இரண்டாவது கம்பாட்டிபிள் ஐ.டி.க்கள்: இவை பெரும்பாலும் வகை எண்ணை வைத்தே அமைந்தவை. மறுபக்கம், ஒவ்வொரு டிரைவர் தொகுப்போடும் ஐ.என்.எஃப். என்ற எழுத்துக் கோப்பு வருகிறது. எந்த ஐ.டி.க்கு எந்த டிரைவர் என்று அதில் எழுதியிருக்கும்.

விண்டோஸ் ஒவ்வொரு பொருத்தத்துக்கும் ஒரு தர எண் போடுகிறது. குறைந்த எண் வென்றது. முறையான டிஜிட்டல் கையெழுத்து இருக்கிறதா என்பது முதலில் கணக்கில் வருகிறது; அப்புறம் பொருத்தம் எவ்வளவு துல்லியம் என்பது. இரண்டும் சமமானால் தேதி, பதிப்பு என்று போகும். புதிய தேதியிட்ட டிரைவர், துல்லியமான ஐ.டி. உள்ள பழைய டிரைவரிடம் தோற்பது இதனால்தான். ‘லேட்டஸ்ட் டிரைவர் போட்டும் பழையதே நிற்கிறது’ என்று புலம்புபவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

## எடை மெஷின்: கர்னலுக்குத் தெரியவே தெரியாத சாதனம்

பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தையிலும் நெல்லை டவுன் நகைக் கடைகளிலும் எடை மெஷினைக் கம்ப்யூட்டரோடு இணைத்து, எடை நேராகப் பில்லில் விழும்படி வைத்துக்கொள்ளலாம். மெஷினின் பின்னால் ஒன்பது ஊசி சீரியல் போர்ட் இருக்கும். இன்றைய கம்ப்யூட்டர்கள் பெரும்பாலானவற்றில் அந்தப் போர்ட் இல்லை. அதனால் நடுவில் ஒரு மாற்றுக் கேபிள்: ஒரு முனை சீரியல், மறுமுனை யூ.எஸ்.பி. அந்தக் கேபிளின் தலைக்குள் ஒரு குட்டிச் சிப் இருக்கிறது.

இப்போது கர்னல் எதைப் பார்க்கிறது? அந்தக் குட்டிச் சிப்பை மட்டும். எஃப்.டி.டி.ஐ. நிறுவனத்தின் சிப் என்றால் 0403, 6001 என்று சொல்லும். அதற்குரிய டிரைவர் வந்து ஒரு சீரியல் போர்ட்டை உருவாக்கித் தரும். விண்டோஸில் காம் 3, காம் 4 என்ற பெயர்களில் வருவது அதுதான். அதற்கு அப்பால் தொங்குவது எடை மெஷினா, பார்கோடு கருவியா, வெறும் கேபிளா என்று கர்னலுக்குத் தெரியாது. சீரியல் முறை வகுக்கப்பட்ட காலத்தில், ஒரு சாதனம் தன் பெயரைச் சொல்ல வேண்டும் என்ற யோசனையே யாருக்கும் இல்லை.

ஆகவே ‘எடை மெஷின் டிரைவர்’ என்று தேடுவது வீண். தேட வேண்டியது கேபிளின் டிரைவரை. எடை மெஷினோடு பேசுவது பில் மென்பொருளின் வேலை. எந்த காம் போர்ட், நொடிக்கு எத்தனை பிட் வேகம் என்பதை அங்கே கையால்தான் எழுத வேண்டும். மெஷினில் 9600 என்றும் மென்பொருளில் 2400 என்றும் இருந்தால் திரையில் குப்பை எழுத்துகள்தான் வரும், டிரைவர் குற்றமற்றது.

இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. மலிவுக் கேபிள்கள் பலவற்றில், ஒரே மாதிரிச் சிப்புகளைத் தனித்தனியாகப் பிரித்தறிய உதவும் தொடர் எண் இல்லை. தொடர் எண் இல்லாவிட்டால் விண்டோஸ், ‘எந்தத் துளையில் செருகியிருக்கிறது’ என்பதையே அடையாளமாக வைத்துக்கொள்கிறது. தூசி தட்டும்போது கேபிளைப் பிடுங்கிப் பக்கத்துத் துளையில் செருகினால் அது புதுச் சாதனம் ஆகிவிடும், காம் 3 போய் காம் 5 வந்துவிடும். பில் மென்பொருள் பழைய காம் 3ஐயே வெறித்துக்கொண்டிருக்கும். கடைக்காரர் ‘டிரைவர் போச்சு’ என்று சர்வீஸுக்கு ஆள் கூப்பிடுவார். கேபிளைப் பழைய துளையில் செருகினால் முடிந்தது.

## எஸ்.எஸ்.டி. காணாமல் போகும் மாயம்

வகை எண்ணின் பலத்தையும் பலவீனத்தையும் ஒருசேரக் காட்டும் இடம் இது. பி.சி.ஐ. வழியாக நேரடியாக இணையும் என்.வி.எம்.இ. வகை எஸ்.எஸ்.டி.க்கள் எல்லாமே பி.சி.ஐ.யில் 010802 என்ற வகை எண்ணைச் சொல்கின்றன. 01 என்றால் சேமிப்பு, 08 என்றால் நிலைநினைவகம், 02 என்றால் என்.வி.எம்.இ. மொழி. லினக்ஸிலும் விண்டோஸிலும் ஒரே பொது டிரைவர் அந்த எண்ணைப் பிடித்து எந்தக் கம்பெனி எஸ்.எஸ்.டி.யையும் இயக்கும்.

அப்படியானால் புது லேப்டாப்பில் விண்டோஸ் ஏற்றும்போது, ‘எந்த டிரைவும் இல்லை’ என்று இன்ஸ்டாலர் கைவிரிப்பது ஏன்? இன்டெல் பதினோராம் தலைமுறை முதலான லேப்டாப்புகளில் இது அடிக்கடி நடக்கிறது. அவற்றில் வி.எம்.டி. என்றொரு அமைப்பு இருக்கிறது. அது இயக்கத்தில் இருந்தால் எஸ்.எஸ்.டி. அதன் முதுகுக்குப் பின்னால் போய்விடும். கர்னலுக்குத் தெரிவது வி.எம்.டி. கட்டுப்படுத்தி மட்டும். அதற்கு டிரைவர் ஏறினால்தான் அது தனக்குள் இருக்கும் கிளை பஸ்ஸைத் திறந்து காட்டும், அதில் 010802 தெரியும். இன்ஸ்டாலரில் அந்த டிரைவர் இல்லையென்றால் எஸ்.எஸ்.டி. இருப்பதற்கான சுவடே இருக்காது. நல்ல எஸ்.எஸ்.டி.யை ‘செத்துவிட்டது’ என்று சொல்லி மாற்றுவது வெறும் காசுக்கேடு. வி.எம்.டி. டிரைவரைப் பென்டிரைவில் வைத்து இன்ஸ்டாலருக்குக் கொடுக்கலாம். இல்லையென்றால் பயாஸில், அதாவது கம்ப்யூட்டர் எழும்போது முதலில் ஓடும் அடிப்படை நிரலின் அமைப்புகளில், வி.எம்.டி.யை அணைக்கலாம்.

பயாஸில் கைவைக்கும்போது ஒரு எச்சரிக்கை. அங்கே செய்யும் மாற்றம் சாதனம் சொல்லும் எண்ணையே மாற்றிவிடும். வட்டுகளை இணைக்கும் ஒரே சாட்டா சிப், ஐ.டி.இ. முறையில் 0101 என்று சொல்லும், ஏ.எச்.சி.ஐ. முறையில் 0106, ரெய்டு முறையில் 0104. ஏற்கெனவே ஏற்றிய விண்டோஸ் ஒரு முறைக்கான டிரைவரை மட்டும் ஆரம்பத்திலேயே எழுப்பப் பழகியிருக்கும். முறையை மாற்றினால் தன் சொந்த வட்டையே தொட முடியாமல் நீலத் திரையில் நிற்கும். பழைய முறைக்குத் திருப்பினால் எழுந்துவிடும்.

## எண்ணே சொல்லாத சாதனங்கள்

1990களின் தொடக்கம் வரை அநேகமாக எல்லாச் சாதனங்களும் இந்த இனம்தான். சவுண்டு கார்டைப் போர்ட் 220, குறுக்கீடு 5 என்று கார்டில் உள்ள ஜம்பர் என்ற குட்டி இணைப்பானை மாற்றி வைத்து, அதே எண்களை மென்பொருளிலும் எழுத வேண்டும். தப்பான இடத்தைத் தொட்டுப் பார்த்தால் கம்ப்யூட்டரே உறைந்துவிடலாம். 1992இல் வந்த பி.சி.ஐ.யும் விண்டோஸ் 95ம் சேர்ந்து அந்தத் தொல்லையைக் குறைத்தன.

இன்றும் மொபைலுக்குள்ளும் ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டர் போர்டிலும் இருக்கும் சின்னச் சிப்புகள் பல, எண் சொல்லத் தெரியாதவைதான். அங்கே கர்னலுக்கு வெளியிலிருந்து ஒரு வரைபடம் தரப்படுகிறது. ‘இந்த முகவரியில் இந்தச் சிப், அதே மாதிரி நடந்துகொள்ளும் பழைய சிப் இது’ என்று பெயர்களை வரிசையாக எழுதிய டிவைஸ் ட்ரீ. துல்லியமான பெயர் முதலில், பொதுப் பெயர் கடைசியில். முன்பு மொபைல்களில் இருக்கும் ஏ.ஆர்.எம். வகைச் சிப் கொண்ட போர்டு ஒவ்வொன்றுக்கும் இந்த விவரங்களைக் கர்னலின் நிரலுக்குள்ளேயே எழுதிவைத்தார்கள். அந்தக் குவியலை 2011இல் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் கடுமையாகச் சாடினார். அதற்குப் பிறகுதான் ஏ.ஆர்.எம். உலகம் டிவைஸ் ட்ரீக்கு வேகமாக மாறியது. சாதாரண லேப்டாப்பில் இதே வேலையை பயாஸ் தரும் ஏ.சி.பி.ஐ. அட்டவணை செய்கிறது, பழைய வகை கீபோர்டு அதில் பி.என்.பி.0303 என்ற பெயரில் நிற்கும்.

## எண் பொய் சொன்னால்?

இந்த முறை முழுவதும் ஒரு நம்பிக்கையின் மேல் நிற்கிறது: சாதனம் சொல்வதைக் கர்னல் அப்படியே நம்புகிறது. சரிபார்க்க வழி இல்லை.

2014இல் இதன் இரண்டு முகங்களும் வெளியே வந்தன. எஃப்.டி.டி.ஐ. சிப்பைப் போலவே செய்த போலிச் சிப்புகள் சந்தையில் நிறைய இருந்தன. அவையும் 0403, 6001 என்றே சொல்லும், அசல் டிரைவரையே பயன்படுத்தும். அந்த ஆண்டு விண்டோஸ் அப்டேட் வழியாக வந்த எஃப்.டி.டி.ஐ.யின் புது டிரைவர், போலிச் சிப்பைக் கண்டுபிடித்து அதன் பொருள் எண்ணை 0000 என்று மாற்றி எழுதியது. அதற்கப்புறம் எந்த டிரைவரும் அதற்கு உரிமை கோரவில்லை, கேபிள் பிணமானது. பெரும் எதிர்ப்பு கிளம்பி, அந்த டிரைவர் விண்டோஸ் அப்டேட்டிலிருந்து விலக்கப்பட்டது. போலி விற்றவரைப் பிடிக்காமல் தெரியாமல் வாங்கியவரைத் தண்டித்த செயல் என்றே இதைச் சொல்ல வேண்டும். இதே மாதிரிக் கேபிள் சிப் செய்யும் புரோலிஃபிக் நிறுவனமும் தன் பழைய சிப்புகளைப் புதிய விண்டோஸ் டிரைவரில் ஏற்க மறுக்கிறது. எண் பொருந்தும், புரோப் நிலையில் மறுப்பு வரும். அதே கேபிள் லினக்ஸில் ஓடும். பழைய மாற்றுக் கேபிள் வைத்திருக்கும் கடைகளுக்கு இது தெரிந்திருப்பது நல்லது.

அதே 2014 ஆகஸ்டில், பென்டிரைவின் உள்நிரலை மாற்றி அதை கீபோர்டாகச் சொல்ல வைக்கலாம் என்று பாதுகாப்பு ஆய்வாளர்கள் கார்ஸ்டன் நோலும் ஜேக்கப் லெல்லும் செய்து காட்டினார்கள். 08க்குப் பதில் 03 என்று சொல்லும் பென்டிரைவ், யாரும் தொடாமலே கட்டளைகளைத் தட்டச்சு செய்யும். ஆன்ட்டி வைரஸ் கோப்புகளைத்தான் சோதிக்கும், கீபோர்டைச் சோதிக்காது. வருகிறவர் போகிறவர் எல்லாரும் பென்டிரைவ் செருகும் ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டரில் கடையின் வங்கிக் கணக்கைத் திறப்பது ஏன் ஆபத்து என்பதற்கு இதுவே போதும்.

## எங்கே முறிந்தது?

விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, சாதனத்தின் பிராப்பர்டீஸில் டீடெயில்ஸ் பகுதிக்குப் போய் ஹார்டுவேர் ஐ.டி.யைப் பாருங்கள். ஜெனரல் பகுதியில் பிழை எண் இருக்கும். அந்த இரண்டையும் குறித்துக்கொண்டால் கோளாறு எந்த நிலையில் என்று சொல்லிவிடலாம்.

1. சாதனம் பேசவே இல்லை. யூ.எஸ்.பி.யில் வி.ஐ.டி. 0000, பி.ஐ.டி. 0002 என்று இருந்து பிழை எண் 43 வந்தால், விவரக்குறிப்பே வந்து சேரவில்லை என்று பொருள். கேபிள், துளை, மின்சாரம், சாதனம் இவற்றில் ஒன்றில்தான் கோளாறு. எந்த டிரைவரும் இதைத் தீர்க்காது.

2. எண் வருகிறது, உரிமை கோர ஆளில்லை. பிழை எண் 28. உண்மையான ‘டிரைவர் இல்லை’ இது ஒன்றுதான். அந்த எண்ணை அப்படியே இணையத்தில் தேடினால் சிப் எதுவென்று தெரியும். சிப் தயாரிப்பாளரிடமிருந்தோ லேப்டாப் தயாரிப்பாளரிடமிருந்தோ டிரைவரை எடுக்கலாம். ‘ஆயிரம் டிரைவர் ஒரே பேக்’ என்று வருபவற்றைத் தொட வேண்டாம். டிரைவர் ஓடுவது கர்னலின் அதிகாரத்தோடு. முகம் தெரியாதவரிடம் வீட்டுச் சாவியைக் கொடுக்க முடியாது.

3. டிரைவர் இருக்கிறது, ஏற முடியவில்லை அல்லது ஏறிவிட்டு மறுக்கிறது. கையெழுத்துச் சிக்கல் என்றால் 52, ஏற்றுவதிலேயே தகராறு என்றால் 39, தொடங்க மறுத்தால் 10. விண்டோஸ் 11க்கு 32 பிட் பதிப்பே கிடையாது. 64 பிட் கர்னலில் 32 பிட் டிரைவர் ஏறாது. பத்துப் பன்னிரண்டு வருடம் முன்பு 32 பிட் விண்டோஸுக்கு மட்டும் டிரைவர் எழுதிவிட்டு மறந்துபோன கம்பெனியின் கருவி, புது விண்டோஸில் சும்மா பெட்டிதான். லினக்ஸில் இதற்கு இணையானது, கர்னலோடு வராமல் தனியாகச் சேர்த்த வைஃபை டிரைவர். கர்னல் புதுப்பித்ததும், அந்தப் புது கர்னலுக்காக மறுபடி கட்டாவிட்டால் அது ஏறாது.

4. கர்னல் அளவில் எல்லாம் சரி, மேலே குறை. வைஃபை சிப்புக்குள் ஏற்ற வேண்டிய ஃபர்ம்வேர் (உள்நிரல்) கோப்பு இல்லாமல் இருக்கலாம். லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியன் 2023 ஜூனில் வந்த 12ஆம் பதிப்பில்தான் இவற்றை இன்ஸ்டாலரோடு சேர்த்துத் தரத் தொடங்கியது. ஆதார் கைரேகைக் கருவிக்கு டிரைவருக்கு மேலே ‘ஆர்.டி. சர்வீஸ்’ என்ற தனி மென்பொருள் ஓட வேண்டும். அது ஓடாவிட்டால் டிவைஸ் மேனேஜரில் சாதனம் சுத்தமாக இருக்கும், இ-சேவை தளம் மட்டும் ‘கருவி இல்லை’ என்று சொல்லும்.

## சரி, அந்தப் பிரிண்டர் செய்தி?

பிரிண்டர் விஷயத்தில் டிரைவர் என்பது இரண்டு அடுக்கு. 07 என்ற வகை எண்ணைப் பார்த்துக் கர்னல் செய்வது, பைட்டுகளைப் பிரிண்டருக்கு அனுப்ப ஒரு குழாய் போட்டுத் தருவது மட்டும்தான். பக்கத்தை அந்தப் பிரிண்டரின் மொழிக்கு மாற்றுவது மேலடுக்கு. நாம் சி.டி.யில் போட்டுக்கொண்டிருந்தது பெரும்பாலும் இந்த மேலடுக்கைத்தான். புதிய பிரிண்டர்கள் பல ஐ.பி.பி. என்ற பொது மொழியைப் பேசுகின்றன. யூ.எஸ்.பி.யில் அவை வகை 07, துணைவகை 01, நெறிமுறை 04 என்று தங்களை அறிவிக்கும். அவற்றுக்குக் கம்பெனி டிரைவர் தேவையில்லை.

மைக்ரோசாஃப்ட் 2023 செப்டம்பரில் வெளியிட்ட திட்டம் இதை ஒட்டியது. 2026 ஜனவரியிலிருந்து விண்டோஸ் 11க்கான புதிய கம்பெனி பிரிண்டர் டிரைவர்களை விண்டோஸ் அப்டேட் வழியாக வெளியிடுவதில்லை, விதிவிலக்குகள் தவிர. 2026 ஜூலை 1 முதல் நாம் மேலே பார்த்த தரவரிசையில் விண்டோஸின் சொந்த ஐ.பி.பி. டிரைவருக்கே முன்னுரிமை. 2027 ஜூலை 1 முதல் பழைய டிரைவர்களுக்கு அந்த வழியில் பாதுகாப்புத் திருத்தம் மட்டும்.

ஏற்கெனவே ஓடும் பிரிண்டர் இதனால் ஒரே இரவில் நின்றுவிடாது. கம்பெனி தரும் தொகுப்பைக் கையால் நிறுவுவதற்கும் தடை இல்லை. மாறுவது, செருகியதும் தானாக எது வந்து உட்காரும் என்பது. ஐ.பி.பி. பேசும் மல்டி-ஃபங்ஷன் பிரிண்டரில் பொது டிரைவர் அமர்ந்தால் அச்சு வரும், ஆனால் கம்பெனி டிரைவரில் இருந்த சில தனி வசதிகள் மெனுவில் தெரியாமல் போகலாம்.

டாட் மேட்ரிக்ஸ், பில் தாள் பிரிண்டர்கள் வைத்திருப்பவர்கள் இரண்டு காரியம் செய்து வைக்கலாம். இப்போது ஓடும் டிரைவர் தொகுப்பின் பிரதியைப் பென்டிரைவில் பத்திரப்படுத்துங்கள். இனி அது விண்டோஸ் அப்டேட்டில் தானாகக் கிடைக்கும் என்று நம்ப வேண்டாம். இரண்டாவது, விண்டோஸ் 11இன் புதிய பதிப்புகளில் ‘புரொடெக்டட் பிரிண்ட் மோட்’ என்று ஒரு விருப்பத்தேர்வு இருக்கிறது. அதை இயக்கினால் கம்பெனி டிரைவர்கள் அகற்றப்பட்டு ஐ.பி.பி. பிரிண்டர்கள் மட்டுமே ஓடும். ‘பாதுகாப்பு’ என்ற பெயரைப் பார்த்துவிட்டு யாராவது அதைத் தட்டி வைத்துவிட்டுப் போனால், சனிக்கிழமைச் சந்தை நேரத்தில் பில் பிரிண்டர் நிற்கும்போது முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான்.